பூட்டியிருந்த நாற்பத்தோரு வீடுகள்

போடிநாயக்கனூர்,
22-5-1977

அன்புள்ள வேலுத்தாய்,

மலையில் மழை பிடித்துவிட்டதா? இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. நேரில் வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். கோடை விடுமுறைதான், வந்திருக்கலாம். வரவில்லை.

உன் வேட்புமனு தள்ளுபடியான செய்தியை அண்ணன்தான் கொண்டுவந்தார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அண்ணனைப் போன்ற ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பிச் சொல்லிக்கொண்டார்களாம். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

புதிய வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இல்லை என்கிறார்கள். மார்ச்சில் நாடாளுமன்றத்துக்குப் பழைய பட்டியலை வைத்து ஓட்டுப் போட்டதால் அப்போது யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பழைய எண்ணையே நீ மனுவில் எழுதியிருந்தாய். உன் பெயர் மட்டுமல்ல, உங்கள் தெருவில் நாற்பத்தோரு வீடுகள் புதிய பட்டியலில் இல்லையாம்.

போன வருடம் அந்தத் தெருவுக்குக் கணக்கெடுக்கப் போன ஆசிரியை நான்தான். நான் போனபோது எல்லாரும் காய் எடுப்புக்கு மலை ஏறியிருந்தீர்கள். ஆனால் நீ போகும் முன் வீடுவாரியாகப் பெயர் எழுதிக் கொடுத்திருந்தாயே, அதைப் பார்த்து ஒன்று விடாமல் எழுதித்தான் கொடுத்தேன். அச்சகத்தில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்க வேண்டும். வேறு எப்படி நடந்திருக்கும்?

விடுதியில் நாம் ஒரே அறையில் இருந்த காலத்தில் பேச்சுப்போட்டிக்கு நான் எழுதித் தருவேன், நீ மேடையில் அதில் பாதியை மாற்றிப் பேசிப் பரிசு வாங்கி வருவாய். சட்டசபையிலும் அப்படித்தான் பேசுவாய் என்று நினைத்திருந்தேன். மனம் தளராதே.

மகள் சந்திரவல்லி பத்தாம் வகுப்புத் தேறிவிட்டாள். உன்னைக் கேட்டாள்.

உன்னை நினைத்தபடி இருக்கும்,
பொன்னுமணி


போடிமெட்டுக்கு மேலே,
30-5-1977

ஏடி பொன்னு,

கண்ணைத் துடை. மனு தள்ளுபடியானது எனக்கு. நீ ஏன் சோற்றைத் தள்ளிவைக்கிறாய்? கைம்பெண், ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டில் இருக்கிறாய். உன்னால் தேர்தல் அலுவலகம் வரை வந்து என் பக்கத்தில் நிற்க முடியுமா? எனக்குத் தெரியாதா? போடிக் கடைவீதியில் உன்னைப் பார்த்தால் நானே "டீச்சர்" என்றுதானே கூப்பிடுகிறேன்.

தோட்டத்துக்கு வந்த முதல் நாளே கங்காணி திருப்பதி தொடங்கிவிட்டார். "என்னா எம்மெல்லே, களையெடுக்க வந்துட்டீக? சட்டசபைக்கு லீவா?" நான் விடுவேனா? "அங்கயும் களைதேன் அண்ணே. இங்கிட்டுப் பழகிக்கிட்டு அங்கிட்டுப் போவம்னு வந்தேன்" என்றேன். பெண்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் என் தெருக்காரர்கள் சிரிக்கவில்லை. கருத்தம்மாள் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "கணக்கெடுக்க வர்றாக, எறங்கிப் போவம்னு நாங்க சொன்னோம். நீதேன் வேணாம்னே. எங்கூடப் படிச்ச டீச்சர்தேன் எழுத வருது, நா பேர் குடுத்துட்டேன், கூலிய விடாதீகன்னே. இப்ப எங்க பேரு எங்கிட்டுப் போச்சு?"

என்ன பதில் சொல்ல? அச்சகத்துக்காரன் தப்பு என்றால் யார் நம்புகிறார்கள்? பள்ளிக்கூடச் சுவரில் பட்டியல் ஒட்டியபோது நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நீ எழுதினாய் என்ற தைரியத்தில் போகவில்லை. அது என் தப்புதான்.

ஆத்தாவை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. மகளுக்கு ஓட்டுப் போடுவதற்காகப் புதுச்சேலை எடுத்து வைத்திருந்தாள். பெயர் இல்லை என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. "நீ நிக்காட்டிப் போ, நா ஓட்டுப் போடத்தேன் போறேன்" என்கிறாள்.

அடுத்த தேர்தலும் வரும். தொழிலாளர் சங்கம் இருக்கிறது, நான் இருக்கிறேன், எழுதித் தர நீ இருக்கிறாய்.

உன்
வேலுத்தாய்


போடிநாயக்கனூர்,
15-6-1977

வேலு,

இதை நான் தபாலில் சேர்க்கப்போவதில்லை. அது தெரிந்துதான் எழுத முடிகிறது.

தேர்தலன்று எனக்கு உங்கள் சாவடியில் வேலை போட்டிருந்தார்கள். பட்டியலில் பெயர் பார்த்துச் சொல்லும் வேலை. பத்து மணிக்கு உன் ஆத்தா வந்தாள். தலைக்குக் குளித்து, அந்தப் புதுச்சேலையைக் கட்டி, வரிசையில் நின்று என் முன்னால் வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "நம்ம பிள்ளைதேன் ஒக்காந்துருக்கு" என்று பின்னால் நின்றவளிடம் சொன்னாள்.

நான் பட்டியலைப் புரட்டினேன். இல்லை என்று தெரிந்தே புரட்டினேன். இன்னொரு முறையும் புரட்டினேன்.

"இருளம்மாள்னு பேரு இல்லம்மா."

"நல்லாப் பாரு தாயீ. வேலுத்தா எழுதிக் குடுத்துச்சுல்ல."

"இல்லம்மா."

"பேரு இல்லாமயா நா இம்புட்டு நாளு இருந்தேன்?"

அவள் சண்டை போடவில்லை. என்னைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு வெளியே போனாள். வாசல்வரை அவளுடைய சேலை மொரமொரப்பு எனக்குக் கேட்டது.

அச்சகத்தில் எந்தப் பக்கமும் விட்டுப்போகவில்லை. நீ கொடுத்த காகிதத்தை நான் எழுதவே இல்லை. உங்கள் தெருவின் நாற்பத்தோரு வீடுகளுக்கும் எதிரே "வீடு பூட்டியுள்ளது, மலைக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்" என்று என் கையால் எழுதினேன். காய் எடுப்புக்குப் போகிறவர்கள் தை பிறந்தால் இறங்கிவிடுவார்கள் என்பது இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வெளியூரிலிருந்து வந்த அதிகாரிக்குத்தான் தெரியாது.

அண்ணன் ஒரே ஒருநாள் சொன்னார். "அந்தத் தெருவுல பூட்டுன வீட்டையெல்லாம் பூட்டுன வீடுன்னே எழுதிரு. பொய்யி ஒண்ணும் எழுத வேணாம்." மிரட்டவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. குடிபெயர்ந்துவிட்டனர் என்ற பொய்யைச் சேர்த்தது நான்தான்.

அண்ணன் சோற்றைச் சாப்பிடுகிறேன், சந்திரவல்லிக்கு அவர்தான் கல்யாணம் செய்ய வேண்டும், நான் வேறு என்ன செய்வேன் என்று நாள் முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லி முடித்ததும் உன் ஆத்தா வந்து முன்னால் நிற்கிறாள்.

பொன்னு


சட்டமன்ற உறுப்பினர் விடுதி, சென்னை,
19-7-1980

பொன்னு,

உன் தோழி எம்.எல்.ஏ. ஆகிவிட்டாள். நம் மலையிலிருந்து, காய் எடுக்கிற கூலி வீட்டிலிருந்து, அதுவும் எங்கள் சாதியிலிருந்து சட்டசபைக்குள் போன முதல் பெண் நான்தான் என்று எழுதுகிறார்கள். முதல் நாள் வாசலில் நின்ற காவலர், "பார்வையாளர் அந்தப் பக்கம் போம்மா" என்றார். நான் சீட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். இப்போது தினமும் வணக்கம் வைக்கிறார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

நேற்று முதல்முறையாகப் பேசினேன். தோட்டத்துப் பெண்களுக்குப் பேறுகாலம் ஜீப்பிலேயே நடந்துவிடுகிறது, மலைமேல் ஆஸ்பத்திரி வேண்டும் என்று தொடங்கினேன். பின்னாலிருந்து ஒருவர், "ஏலக்காய் டீ கிடைக்குமாம்மா?" என்றார். ஒரே சிரிப்பு. "கெடைக்கும். ஒரு படி காய் எடுக்க எத்தன வெரல் வெடிக்கும்னு சொல்லுங்க, நானே போட்டுத் தர்றேன்" என்றேன். அப்புறம் பதினோரு நிமிடம் யாரும் குறுக்கே பேசவில்லை. நீ எழுதித் தந்திருந்தால் இன்னும் ஒழுங்காகப் பேசியிருப்பேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. ஊர் ஊராக ஓட்டு விழுந்தது, என் தெருவில் விழவில்லை. இந்தமுறை நானே அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லார் பெயரையும் சேர்த்தேன். அப்படியும் ஓட்டுக் கேட்டுப் போனபோது கருத்தம்மாள் கோலத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பேரு இருக்கு. ஓட்டு யாருக்குன்னு மட்டும் கேக்காத" என்றாள். ஆத்தா போன வருடம் செத்தபோதுகூட அந்தத் தெருவில் பாதிப்பேர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். படித்தவள் பதவிக்காக எங்களை மறந்துவிட்டாள் என்று பேச்சு. ஆத்தா அதைக் காதில் கேட்டுக்கொண்டேதான் செத்தாள்.

உனக்குப் பார்வையாளர் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் வந்து மாடத்தில் உட்கார். ஆத்தாவும் இல்லை, நீயும் வரவில்லை என்றால் நான் பேசும்போது யாரை நிமிர்ந்து பார்ப்பேன்?

வேலுத்தாய்


போடிநாயக்கனூர்,
2-8-1980

அன்புள்ள வேலுத்தாய்,

கடிதம் கிடைத்தது. இரண்டுமுறை படித்தேன். சந்திரவல்லிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இந்த நேரத்தில் வெளியூர் கிளம்ப முடியாது. பள்ளியிலும் காலாண்டுப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். சீட்டை வேறு யாருக்காவது கொடு, வீணாக்காதே.

உன் பேச்சைச் செய்தித்தாளில் நான்கு வரி போட்டிருந்தார்கள். அண்ணன் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார். 

நீ எழுதித் தந்திருந்தால் என்று எழுதியிருக்கிறாய். இனி நான் எழுதித் தர என்ன இருக்கிறது? உடம்பைப் பார்த்துக்கொள்.

பொன்னுமணி


அமெரிக்காவிலிருந்து,
9-10-1983

என் பொன்னு,

நம் நாட்டிலிருந்து மாநிலச் சட்டசபைப் பெண்கள் ஆறு பேரை மூன்று வாரத்துக்கு இங்கே கூட்டிவந்திருக்கிறார்கள். இரண்டு வாரமாக உப்பில்லாத சோற்றைத் தின்கிறேன். அதை ஊருக்கு வந்து பாடுகிறேன். இன்று எழுதுவது ஒரு அம்மாவைப் பற்றி.

பருத்தி விளையும் தெற்கு மாநிலம் இது. பெயர் லூவீனியா பெட்டிஸ். கருப்பினத்தைச் சேர்ந்தவர், அறுபது வயதிருக்கும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். இவர் படித்து ஆசிரியை ஆகியிருக்கிறார். தன் மக்களை ஓட்டுக்குப் பெயர் பதியக் கூட்டிப்போனார் என்று வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் வீடு வீடாகப் போய் சாவுச் செலவுக்கான காப்பீடு விற்றுப் பிழைத்திருக்கிறார். "எனக்கு அவர்கள் செய்த உதவி அது. எந்த வீட்டில் எத்தனை பேர் என்று மனப்பாடமாகிவிட்டது" என்று சொல்லிச் சிரிக்கிறார். இரண்டுமுறை நின்று தோற்று, மூன்றாம் முறை ஜெயித்து, அந்த மாநிலச் சட்டசபைக்குள் போன முதல் கருப்பினப் பெண். முதல் நாள் அவரைச் சமையற்கட்டுக்கு வழி காட்டினார்களாம். என் காவலர் கதையைச் சொன்னேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இன்றைக்கு அந்தச் சபையில் அவர் எழுந்தால் எல்லாரும் பேனாவை எடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கான பணம் அவர் குழுவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

உங்களைத் தடுத்தவர்களில் யாரை மறக்க முடியவில்லை என்று கேட்டேன். ஆளுநர் பெயரையோ போலீஸ் பெயரையோ சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது ஓட்டுப் பதிகிற அலுவலகத்து வெள்ளைக்காரப் பெண்ணை. அந்தப் பெண் வீட்டில் இவர் அம்மா துணி துவைத்தார். சிறுவயதில் இருவரும் ஒரே ஊஞ்சலில் ஆடியவர்கள். ஓட்டுரிமைக்குத் தகுதித் தேர்வு என்று சட்டத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதச் சொல்லி, எழுதியதைச் சரியில்லை என்று நான்குமுறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். "சட்டம் போட்டவர்களை நான் எப்போதோ மறந்துவிட்டேன். பேனாவைப் பிடித்திருந்த அந்தக் கையைத்தான் மறக்க முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஓடி விளையாடியிருக்கிறேன்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை பொன்னு. நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். "எங்கள் ஊரிலும் பெயர் விட்டுப்போனது. ஆனால் பேனா என் தோழி கையில் இருந்தது. மேல்சாதிக்காரி, அவள் அண்ணன் தோட்ட முதலாளி, அப்படியிருந்தும் எங்கள் தெருப் பெயர் அத்தனையையும் எழுதிக் கொடுத்தாள். அச்சகத்துத் தப்புக்கு அவள் என்ன செய்வாள்?" என்றேன்.  அந்த அம்மா உன் பெயரைக் கேட்டுத் தன் வேதப்புத்தகத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டார். வருகிற ஞாயிறு தன் தேவாலயத்தில் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபம் செய்வாராம். அப்படி ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள் என்று தன் மக்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

போடி பொன்னுமணிக்கு அமெரிக்காவில் பூசை நடக்கப்போகிறது, பார்த்துக்கொள்.

வேலு


போடிநாயக்கனூர்,
6-11-1983

வேலுத்தாய்,

அந்த அம்மாவுக்கு உடனே எழுது. என் பெயரை அந்தப் புத்தகத்திலிருந்து அடிக்கச் சொல்.

அந்தக் கை என் கைதான். உன் காகிதத்தை நான் எழுதவில்லை. நாற்பத்தோரு வீட்டுக்கும் "மலைக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்" என்று எழுதினேன். அச்சகம் என்று சொன்னது பொய். ஆறு வருடத்துக்கு முன் இதை ஒரு கடிதமாக எழுதினேன், அனுப்பவில்லை. நேற்று அதை எடுத்துப் படித்தேன். அனுப்பாததே நல்லது. அதிலும் நான் முழுவதும் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் சொன்னார், அதனால் செய்தேன் என்று எழுதியிருந்தேன். அண்ணன் சொன்னது உண்மை. அதனால்தான் செய்தேன் என்பது உண்மையில்லை.

அண்ணன் சொன்ன பிறகும் நான் எழுதிவிடுவதாகத்தான் இருந்தேன். குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்பதால், காய் எடுப்புக்கு நடுவே சந்தைக்காக எல்லாரும் மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, படிவங்களையும் உன் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு வந்தேன். நான் வந்தது உனக்குத் தெரியாது. தெருமுனை வரைக்கும் வந்தேன். எல்லாக் கதவும் திறந்திருந்தது. கூரைகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நடுத்தெருவில் கவிழ்த்துப் போட்ட உரலில் நீ உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். சுற்றிலும் முப்பது நாற்பது பெண்கள். நீ ஏதோ சொன்னாய், அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்து உன் தோளில் சாய்ந்துவிட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். எத்தனை வருடம் படித்தேன், எத்தனை வருடம் பாடம் நடத்துகிறேன். என் பேச்சுக்கு ஒரு ஆள் அப்படிச் சிரித்ததில்லை. என் தோளில் யாரும் சாய்ந்ததில்லை. விடுதியில் உனக்கு எழுதித் தந்த காலத்தில், என் வார்த்தையால்தான் நீ கைதட்டு வாங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உனக்கு என் வார்த்தை தேவைப்படவில்லை. என்றைக்குமே தேவைப்பட்டிருக்கவில்லை என்று தெரிந்தது. நீ சட்டசபைக்குப் போவாய் என்பதும் அந்த நிமிடம் தெரிந்தது.

திரும்பி நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து வெந்நீர் அடுப்பில் உன் காகிதத்தைப் போட்டேன். பிறகு உட்கார்ந்து படிவங்களை எழுதினேன்.  அழகாக எழுதினேன்.

தேர்தலன்று உன் ஆத்தாவுக்குப் பெயர் இல்லை என்று சொன்னவளும் நான்தான். அவள் என்னை நம்ம பிள்ளை என்று சொன்ன பிறகு சொன்னேன்.

மன்னிப்பு என்று எழுத வந்தேன், அந்தச் சொல்லை எழுத எனக்குத் தகுதி இல்லை. நீ என்ன தண்டனை சொன்னாலும் ஏற்கிறேன்.

பொன்னுமணி


சென்னை,
11-12-1983

பொன்னுமணிக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதற்குமேல் கிழிக்க முடியாது.

எனக்குச் செய்ததை நான் தாங்கிக்கொள்வேன். மூன்று வருடம் தள்ளிப் போனது, போகட்டும். பொறாமை என்கிறாய். நான் உன் வெள்ளைத் தாவணியைப் பார்த்து நான்கு வருடம் பொறாமைப்பட்டவள்தான். அதைத் தீயில் போடவில்லை.

என் ஆத்தா கடைசி இரண்டு வருடம் தெருக்குழாயில் யாரும் பேசாமல் தண்ணீர் பிடித்தாள். என் மகள் மறந்திருக்க மாட்டாள் என்று அவள் சொல்லச் சொல்ல, யாரும் நம்பவில்லை. சாகும்போது என்னிடம் கேட்டாள்: "நெசத்தச் சொல்லு வேலுத்தா, எழுதித்தேன் குடுத்தியா?" அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தண்டனை கேட்கிறாய். நான் நீதிபதி இல்லை. நீ எழுதித் தள்ளியது என் பெயரை மட்டும் இல்லை, என்னிடம் சொன்னதோடு தீர்வதற்கு. நாற்பத்தோரு வீடு. சொல்ல வேண்டிய இடம் எது என்று உனக்குத் தெரியும், தெருமுனை வரைக்கும் போய்ப் பழக்கமும் இருக்கிறது.

போகிறாயோ இல்லையோ, எனக்கு இனி எழுத வேண்டாம்.

மிசஸ் பெட்டிசுக்கு எழுதிவிட்டேன். எனக்குத்தான் ஆறுதல் சொல்லி எழுதியிருக்கிறார். உன் பெயரை அவர் அடிக்கவில்லையாம். இனி வேறு ஜெபத்தில் சொல்கிறாராம்.

வே. வேலுத்தாய்


போடிநாயக்கனூர்,
5-2-1984

வேலுத்தாய்க்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு காகிதத்தை உனக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவுக்குப் போனேன். எல்லாரும் மலையிலிருந்து இறங்கியிருந்தார்கள். கருத்தம்மாள் குழாயடியில் இருந்தாள்.

"என்னா டீச்சர், அதுக்குள்ள எலெக்சன் வந்துருச்சா?"

"இல்லம்மா. ஒண்ணு சொல்லணும். எல்லாரும் இருந்தா நல்லது."

தெருக்காரர் கன்னையன் எல்லாரையும் கூப்பிட்டு, ரேடியோவை அணைக்கச் சொன்னார். நின்றுகொண்டு சொன்னேன். உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன், உரலில் நீ உட்கார்ந்திருந்தது வரை. என் குரல் வகுப்பில் பாடம் நடத்துவதுபோலத்தான் இருந்தது, எனக்கே வெறுப்பாக இருந்தது. 

"அப்ப அந்தப் பிள்ள மறக்கலையா?" என்றாள் கருத்தம்மாள்.

"மறக்கல. எல்லார் பேரையும் எழுதிக் குடுத்துச்சு. நான்தான் எரிச்சேன்."

"எங்க முன்னாடி நிண்டு எத்தன தடவ ஏச்சு வாங்குச்சு. அப்பவும் டீச்சர ஒண்ணும் சொல்லாதீக, அது எழுதித்தேன் குடுத்துச்சுன்னு ஒனக்குப் பரிஞ்சுல்ல பேசுச்சு." பிறகு அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "ஐயோ, இருளம்மா பொணத்த நா வாசல்ல நிண்டே பாத்துட்டு வந்துட்டேனே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தா, டீச்சர். எந்திரி. இங்க ஒக்காந்து அழுகாத. அழுதா நாங்க தண்ணி குடுக்கணும். குடுக்க மாட்டோம்."

எழுந்தேன். பின்னாலிருந்து சோலையம்மாள், "புதுசா பேர் எழுத வர்றாகளாமே, எந்த டீச்சர் வர்றாக?" என்று கேட்டாள். இந்த வருடமும் எனக்குத்தான் உங்கள் தெரு. நடந்ததைத் தேர்தல் அதிகாரிக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். "ஏழு வருஷம் ஆன விஷயம், இத எடுத்தா எனக்குத்தாம்மா தலைவலி" என்று அவர் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். அதைச் சொல்லி, வேறு ஆசிரியையை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"வேற ஆளு எதுக்கு? நீயே வா. எங்க முன்னாடி ஒக்காந்து எழுது. நாங்க பாக்கணும்."

மறு ஞாயிறு போனேன். நடுத்தெருவில் உட்காரவைத்தார்கள். எட்டாவது படிக்கிற கன்னையன் மகள் பக்கத்தில் நின்று, நான் எழுத எழுத ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்தாள். பெயருக்குரியவர், "சரிதேன்" என்று சொன்ன பிறகுதான் அடுத்த வீடு. ஒரு பெயரில் அவளுக்குச் சந்தேகம் வந்து என்னைத் திருப்பி எழுதச் சொன்னாள், எழுதினேன். செத்தவர்கள் பெயரையும் சொல்லச் சொன்னாள் கருத்தம்மாள். அவற்றுக்குப் படிவத்தில் இடம் இல்லை. ஆனாலும் சொன்னார்கள், கேட்டுக்கொண்டிருந்தேன். உன் ஆத்தா பெயரைக் கருத்தம்மாளே சொன்னாள். காலையில் தொடங்கியது, வெயில் சாயும்போதுதான் முடிந்தது. ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

சித்திரைப் பொங்கலுக்கு உன்னை வரச்சொல்லி எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். என்னை எழுதச் சொல்லவில்லை. கன்னையன் மகள் எழுதுவாள், வரும்.

அண்ணன் என்னுடன் பேசுவதில்லை. பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். சந்திரவல்லி அவள் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள்.

உன் வீட்டுப் படிவத்தை மட்டும் எழுதவில்லை. நீ இல்லாதபோது உன் பெயரை நான் எழுத ஒருவரும் ஒப்பவில்லை. "அது பேர அதுதேன் எழுதணும்" என்றார்கள். படிவத்தை வெறுமையாக இதனுடன் வைத்திருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்ப வேண்டாம். நேராகத் தேர்தல் அலுவலகத்துக்கே அனுப்பிவிடு.

பொன்னுமணி